ஒரே ஒரு மானுக்குப் பர்மிட்

எங்கள் ஊர் நார்த்தாமலைக் காட்டை ஒட்டியது. சமஸ்தானக் காலத்தில் காட்டு மான் முழுக்க அரண்மனைக்குச் சொந்தம். அது மேய்ந்த கடலைக்கொல்லை மட்டும் எங்களுக்குச் சொந்தம். வேட்டைப் பர்மிட் வருசா வருசம் பெரிய வீட்டு ஆட்களுக்கே போகும். யுத்தம் தொடங்கிய சமயம் புதிதாக ஒரு ரேஞ்சர் வந்தார். கோடையில் கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்க வந்த மான்களை ஆள்விட்டு எண்ணினார். பெட்டையையும் குட்டியையும் தொடக்கூடாது, கொம்பு மானிலும் இத்தனைதான் சுடலாம் என்றார். காட்டோரம் நிலமுள்ள எல்லார் பேரையும் சீட்டெழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்.

என் சீட்டு வந்துவிட்டது! ஒரு கொம்பு மான், ஐப்பசி முடியும் வரை. துப்பாக்கி இல்லாதவர்கள் தெரிந்த துப்பாக்கிக்காரரை வைத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் அப்போது பினாங்கில். கடலை வீடு வந்தால்தான் எனக்கும் பிள்ளைகளுக்கும் அடுத்த ஆடிவரை அடுப்பெரியும். அதனால் நாத்தனார் புருசனைக் கூப்பிட்டேன். எனக்கு அண்ணன் முறை. குறி தப்பாதவர் என்று மூன்று ஊரில் பேர். நாலாவது ஊருக்கு அந்தப் பேரை அவரே கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

முதல் நாள் விடியும்போது இரண்டு பேரும் வேலியோரம் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் வந்தது. அண்ணன் குறி வைத்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்துவிட்டது. சத்தியமாக நிஜ இருமல். மான்கள் சிதறின, வேட்டு வானத்துக்குப் போனது. அதன்பிறகு நாலு நாள் ஒரு மானும் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மானை விரட்ட மாசக்கணக்கில் ராத்திரியெல்லாம் தகரம் தட்டிக் கை ஓய்ந்திருந்த நான் நாலு நாளும் நன்றாகத் தூங்கினேன்.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. ஒரு மான் விழுந்தால் பர்மிட் முடிந்தது, அண்ணன் போய்விடுவார். மிச்சக் கூட்டம் என் கடலையில் விருந்து வைக்கும். பர்மிட்டில் ஒரு மான் என்று இருந்ததே தவிர, எத்தனை வேட்டு என்று எழுதியிருக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தீராத இருமல்.

"வைத்தியரப் பாக்கக்கூடாதா, தங்கச்சி?"

"பாத்தேண்ணே. பனி ஒத்துக்கலைங்கிறாரு."

ஊர் சும்மா இருக்குமா? "என்னங்க, நீங்க சுடச்சுட மானுக்கு ஆயுசு கூடுதாமே!" என்று அண்ணனை வழிமறித்துக் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிப்பார். ஒரு மனுசரின் பேரைக் கெடுத்து என் கொல்லையைக் காக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு மீமிசல் கருவாட்டுக் குழம்பில் அவருக்கு இரண்டு துண்டு கூடப் போட்டேன். இருமலை மட்டும் நிறுத்தவில்லை.

ஐப்பசி கடைசியில் கடலை பிடுங்கி வீடு சேர்த்தாயிற்று. பர்மிட்டுக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி. "அண்ணே, கட்டாயம் வாங்க" என்று ஆள் சொல்லி அனுப்பினேன். இன்றைக்கு அவர் பேர் அவருக்குத் திரும்பக் கிடைக்கட்டும் என்று மனசார நினைத்தேன்.

கடலைக்கொடிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பெரிய கொம்பு மான் ஒன்று தனியாக வந்து, சிந்திக் கிடந்த கொடியைத் தின்றது. அண்ணன் துப்பாக்கியைத் தூக்கினார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

இருமல் சத்தம் கேட்டது. இருமியது அண்ணன்.

மான் ஒரே தாவில் காட்டுக்குள் போய்விட்டது. அவர் துப்பாக்கியை மடியில் வைத்தார்.

"ஒரு மாசமா மூஞ்சியப் பாத்த மானு, கை வரல. கடல பூராவும் வீடு வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சுண்ணே. ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது இருமல்லயே தெரியும், தங்கச்சி."

ஊர் அவரைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.