மூடுபனி ஊரில் லென்ஸ் கடை

அடுத்தவர் கண்ணுக்குள் விரலை விட்டுவிட்டு, "சிமிட்டாதீங்க" என்று சொல்லிப் பிழைக்கிற தொழில் என்னுடையது. ஏற்காடு கடைவீதியில் இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். லென்ஸ் போடத் தெரியாமல் போட்டு, கண் எரிந்து, ஒரு நாளாவது அழுதிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் என் ஆள். எனக்கு அந்த அழுகைக்கும் கொடுப்பினை இல்லை. காய்ந்த கண், எந்த லென்ஸும் பத்து நிமிஷம் தங்காது. கண்ணாடிதான் கதி. பனி இறங்கினால் அதுவும் மூடிக்கொள்ளும். இந்த மலையை ஒரு நாள் வெறும் கண்ணோடு பார்க்க வேண்டும் என்று எனக்கு நொந்துபோகிற அளவுக்கு ஆசை.

முயலின் பார்வை

பக்கத்துக் கொட்டச்சேடு கிராமத்திலிருந்து செல்வி வந்தாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். அவளுக்குக் கருவிழி கூம்பாகக் குவிந்துகொண்டே போகிற வியாதி. எந்தக் கண்ணாடி போட்டாலும் முகங்கள் கலங்கித்தான் தெரியும். அவள் மகளின் பள்ளி பஸ் என் கடைக்கு எதிரில்தான் நிற்கும். ஒரே சீருடையில் இருபது பிள்ளைகள் இறங்கினால், மகள் "அம்மா" என்று கத்தும்வரை செல்வி பேசாமல் நிற்பாள். "ஒரு நாளாச்சும் அவ கூப்படறதுக்கு முன்னால நான் அவளக் கண்டுக்கோணுமுங்க" என்றாள்.

கண்ணைத் தொடுவதற்கு முன், பயம் போகக் கதை சொல்வது என் வழக்கம். முதல் லென்ஸ் நிஜக் கண்ணாடியில் செய்தது, வெள்ளை விழியையும் சேர்த்து மூடுகிற அளவு பெரியது, அதைச் செய்த டாக்டர் முதலில் முயலுக்கும் பிறகு தனக்கும் மாட்டிப் பார்த்தார் என்றேன். செல்வி கேட்டாள்: "அந்த மொயலுக்கு நல்லாத் தெரிஞ்சுதுங்களா?"

உடைந்த ஓரம்

பிறகு பிளாஸ்டிக் வந்தது. கடைசல் எந்திரத்தில் ஒரு தடவை லென்ஸின் ஓரம் உடைந்து போக, மிச்சமிருந்த சின்ன வட்டத்தைத் தூக்கிப் போடாமல் செய்தவர் தன் கண்ணிலேயே வைத்துப் பார்த்தாராம். அது நின்றுகொண்டது. அந்த வழியில் வந்த சின்ன கெட்டி லென்ஸைத்தான் செல்விக்கு முதலில் வரவழைத்தேன். கூம்பில் நிற்காமல் நழுவி, மூன்றாம் நாள் அது காப்பிச் செடிக்குள் விழுந்துவிட்டது. கூடப் பறிக்கிற ஏழு பெண்கள் வேலையை விட்டு மண்டியிட்டுத் தேட, கணக்கெழுதுகிற ரைட்டர் சத்தம் போட, ஒரே கலவரம். மறுநாள் அவர்களில் ஒருத்தி கடைக்கே வந்து சொன்னாள்: "ஏனுங்க, பொறுக்கிப் பொறுக்கி இலையில எடுத்து வெச்சா அத்தனையும் பனித்துளிங்க."

சாப்பாட்டு மேஜையில் பிறந்தது

மெத்தென்ற லென்ஸை ஒரு விஞ்ஞானி, குழந்தை விளையாடுகிற சாமான்களையும் சைக்கிள் டைனமோவையும் கோத்து ஓர் எந்திரம் பண்ணி, வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே செய்தார். கூட மனைவி ஒத்தாசை. அதை விரல்நுனியில் வைத்துக் காட்டினேன். செல்வி வெகுநேரம் பார்த்தாள். அது கூம்பின் மேல் கூம்பாகவே படியும், உனக்கு உதவாது என்று சொன்னேன். எனக்கும் எதுவும் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சிங்களா?" என்றாள்.

மூன்றாவது பிள்ளை

முயலுக்குப் போட்ட அந்தப் பெரிய வடிவம், காற்றுப் புகும் பிளாஸ்டிக்கில் இப்போது திரும்பி வந்திருக்கிறது. உள்ளே மருந்து நீரை நிரப்பி மாட்டினால், அந்த நீர் கூம்பைச் சமன்செய்துவிடும். என் கண்ணில் அதையும் மாட்டிப் பார்த்தாயிற்று, தங்கவில்லை. அளவெடுத்து அனுப்பி, வந்த அன்றே செல்விக்கு மாட்டினேன். வாசலில் நிறுத்தி எதிர் பேக்கரியின் போர்டை வாசிக்கச் சொல்வதுதான் என் பரீட்சை. "ஒண்ணுமே தெரியலைங்க. வெள்ளையா இருக்குது" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால், வீதியே பனியில் காணோம்!

இரண்டு பேரும் காத்து நின்றோம். பள்ளி பஸ் வந்தபோது பனி கொஞ்சம் விலகியது. என் கண்ணாடி மறுபடி மூடிக்கொண்டது. இறங்குகிற பிள்ளைகள் எனக்கு வெறும் நிழல்கள். யாரும் இன்னும் கூப்பிடவில்லை. செல்வி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "மூணாவதா எறங்கறது எம் புள்ளைங்க. ஒரு ஜடையில ரிப்பனத் தொலைச்சுட்டு வர்றா பாருங்க."

முயலுக்கும் செல்விக்கும் பொருந்திய லென்ஸ் எனக்கு மட்டும் பொருந்தவில்லை என்பதால், அந்த ஒற்றை ரிப்பனைப் பார்க்கும் ஏக்கத்தில் அன்று நான் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், பஸ் போகும்வரை.