மூச்சு வாங்கும் அக்காவின் கிட்டார்

கரகோல் பேருந்து நிலையத்து அறிவிப்புகளில் எந்த வண்டியும் எங்கேயும் நிற்பதில்லை. மூச்சு வாங்கும். "பிஷ்கெக் செல்லும் வண்டி புறப்படுகிறது. சோல்போன்-அத்தாவில் பத்து நிமிடமும் பாலிக்சியில் இருபது நிமிடமும் மூச்சு வாங்கும்" என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் சொல்லும். உள்ளூர்க்காரர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. வெளியூர்க்காரர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஓட்டுநர்கள் வேண்டுமென்றே ஜன்னலருகே வந்து, "அக்கா, என் வண்டிக்கு ஆஸ்துமா. கூட அஞ்சு நிமிஷம் போட்டுக் குடுங்க" என்று வம்புக்கு இழுப்பார்கள்.

குரலுக்குச் சொந்தக்காரி தாரிகா. நாற்பத்தொன்பது வயது. 'நிற்கும்' என்ற சொல் அவள் வாயில் வராது, வரவும் கூடாது. அவளுடைய மாமனார் பெயர் தொக்தோசுன். 'நிற்கட்டும்' என்று அர்த்தம். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்கவில்லை, சாவு இதோடு நிற்கட்டும் என்று வைத்த பெயர் அது. சாவும் சொன்ன பேச்சைக் கேட்டது. மனிதர் எண்பத்தாறு வயது வரை இருந்தார். மாட்டிக்கொண்டது மருமகள்தான். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது, அதன் சாயல் உள்ள சொல்லையும் தொடக் கூடாது. மாமனாருக்குக் கல் என்றோ ஓநாய் என்றோ பெயர் இருந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம். 'நில்' என்ற சொல்லே இல்லாமல் ஒருத்தி குடித்தனம் நடத்துவதை நினைத்துப் பாருங்கள்! ஆடு தெருவில் ஓடினால் "காலை ஊனு!" என்று கத்துவாள். மழை நின்றால் "மழை வாயை மூடிக்கிச்சு." கடிகாரம் நின்றால் "தூங்கிடுச்சு." இருபத்தேழு வருடத்தை அவள் இப்படியே ஓட்டிவிட்டாள்.

மாமனார் கெட்டவர் இல்லை. அதைத் தாரிகாவே சொல்வாள். எழுபத்தேழு வயதில் பக்கவாதம் வந்து குரலும் இடது பக்கமும் போய்விட்டன. வலது கை மிஞ்சியது. கட்டிலோரம் அவருடைய கோமுஸ் சாத்தியிருக்கும், மூன்று தந்தி வாத்தியம். அதுவே அவர் வாயாகிவிட்டது. ஒரு தரம் சுண்டினால் தேநீர் வேண்டும். இரண்டு தரம் சுண்டினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று தரம் என்றால் போட்டது போட்டபடி ஓடி வரவேண்டும். இப்படி ஒன்பது வருடம் போனது. அவள் கணவன் குபாத் உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். இருக்கும் நாளிலும் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. கேட்பதற்குத்தான் அவள் இருந்தாளே.

கடைசி நாள் அவளுக்கு வார விடுமுறை. மாலை நாலரை மணி இருக்கும். மூன்று தரம் கேட்டது. தாரிகா அப்போதுதான் அடுப்படியில் உட்கார்ந்து தனக்கென்று ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றியிருந்தாள். காலையிலிருந்து எத்தனை தடவை எழுந்தாள் என்று கணக்கே இல்லை. இதைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். குடித்தாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்க்கவும் செய்தாள். உள்ளறைக்குப் போனபோது பெரியவர் போய்ச் சேர்ந்திருந்தார், விரல் மட்டும் தந்தியின் மேல் கிடந்தது. இதை அவள் கணவனிடம் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு கிண்ணம் தேநீர் அவள் நெஞ்சுக்குள்ளேயே ஆறிக் கிடந்தது.

கோமுஸை மூத்த மைத்துனர் தலாஸ் ஊரிலிருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். வருடம் நிறைந்ததும் குதிரை அடித்து ஊரைக் கூட்டி விருந்து போட்டார்கள். அதன் பிறகு தாரிகாவுக்கு மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை, வேலை முடிந்து அடுப்பு மூட்டும்வரை, ஒரு மணி நேரம் சும்மா கிடைத்தது. கை காலியானது. காது மட்டும் உள்ளறைப் பக்கமே இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தையாவது யாரும் கூப்பிடாமல் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெறியாகவே இருந்தது. கிட்டார் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தாள். பள்ளியில் படிக்கும்போது ஏரிக்கரை முகாமில் ஒரு பெண் தன் கிட்டாரை ஒரு மத்தியானம் பூராவும் அவளிடம் கொடுத்து வைத்திருந்தாள். இரண்டு விரலை எங்கே அழுத்தினோம் என்பது முப்பத்தைந்து வருடம் கழித்தும் விரலுக்கு ஞாபகம் இருந்தது.

"அம்பது வயசுல கிட்டாரா? மீசை முளைச்ச பசங்க வாசிக்கறத!" என்றாள் பயணச்சீட்டு ஜன்னலில் இருக்கும் கென்ஜே. "அப்படியே ஆசைன்னா நம்ம கோமுஸ் இல்லையா?"

"மூணு தந்தி கேட்டது போதும்டி. இதுக்கு ஆறு" என்றாள் தாரிகா.

சந்தைக்குள், கைப்பேசிக் கடைகளுக்குப் பின்னால் தாவுரின் கடை. துங்கான் இனத்துப் பையன், முப்பது வயது, வாய் ஓயாது. அவள் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதுமே கண்டுபிடித்துவிட்டான்.

"அட, மூச்சு வாங்கற அக்கா! உங்க குரலைக் கேட்டுத்தான் நான் தினமும் கடையத் திறக்கறேன். உக்காருங்க. யாருக்கு, மகனுக்கா?"

"எனக்குத்தான்."

அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. ஒரு கையில் மர கிட்டாரையும் மறு கையில் சிவப்பு எலக்ட்ரிக் கிட்டாரையும் எடுத்துக் காட்டினான்.

"இது கரண்ட் கேக்கும், ஸ்பீக்கர் பெட்டி கேக்கும், வயரு கேக்கும். இரும்புத் தந்தி, விரலை அறுக்கும். ஆனா வயரைப் பிடுங்கிட்டா ஊமை. கொசு முனகற மாதிரிதான் கேக்கும். மரத்துக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. வயிறு காலி பாருங்க, நாம பேசினாலே அதுவும் கூடப் பேசும்."

உண்மைதான். அவள் "அப்படியா?" என்றதும் சுவரில் தொங்கிய மர கிட்டார் ஒன்று உள்ளுக்குள் லேசாக முனகியது.

"கேக்காம அதுவா பேசிடாதுல்ல?" என்றாள் தாரிகா.

"அது எப்படிக்கா பேசும்? புதுசா கத்துக்கறவங்களுக்கு நைலான் தந்தி போட்டதுதான் நல்லது. விரலு நோகாது. இந்தாங்க, கேளுங்க."

தடித்த தந்தியை ஒரு தரம் சுண்டினான்.

"ஏன்க்கா எந்திரிச்சிட்டீங்க?"

தாரிகா குனிந்து பார்த்தாள். முக்காலியை விட்டு எழுந்துதான் இருந்தாள். வலது கை எதையோ ஏந்துகிற மாதிரி நீண்டிருந்தது. எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். விரல் நோகாது என்ற பேச்சுக்கு மயங்கி அதையே வாங்கிக்கொண்டு வந்தாள், பழகிய குரலாக இருக்கிறதே என்று ஒரு நிறைவு வேறு.

கூடத்தில், உள்ளறையை ஒட்டிய சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் நாலரை மணிக்கு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் உள்ளறை வாசலில் கிண்ணமும் தேநீருமாக இருந்தாள். எப்போது கெட்டிலை வைத்தாள், எப்போது பால் விட்டாள், எதுவும் தெரியாது. எதிரே வெறும் கட்டில், மடித்த ரஜாய்ப் போர்வை. கூடத்துச் சுவரில் தடித்த தந்தி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அடுப்புச் சூட்டுல மரம் காயும், தந்தி தளரும். இதுக்குப் போயி பேய் புடிச்சவ மாதிரி முழிக்கற" என்றான் குபாத். கொஞ்ச நேரம் ரொட்டியை மென்றான். "வியாழக்கிழமை எண்ணெய் காய வெச்சியா? செத்தவங்களுக்கு வாசம் போகணும். எங்கப்பா கோவக்காரரு, தெரியும்ல?"

"ஒரு வாரம்கூட விடாம வெச்சிட்டுத்தாங்க இருக்கேன்."

"இந்த வாரம் கொஞ்சம் தாராளமா ஊத்து."

தாராளமாகவே ஊற்றினாள். எண்ணெய் காய்ந்து, மாவுத் துண்டுகள் உப்பி, வாசம் தெருவரை போயிற்று. கரண்டியைக் கீழே வைப்பதற்குள் இரண்டு தரம் கேட்டது. தாரிகா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தலையணையைப் புரட்டி வைத்தாள். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. இரண்டு முடிந்தால் அடுத்தது மூன்று. அதை அவள் தாங்கமாட்டாள்.

மறுநாள் கிட்டாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு தாவுரின் கடைக்கு வந்தாள்.

"மாத்திக் குடுங்க. அந்தச் சிவப்பு ஊமைய எடுங்க."

"என்னக்கா, குரல் சரியில்லையா?"

"ரொம்ப சரியா இருக்கு."

தாவுர் தந்தியைத் தடவிப் பார்த்தான். "கோமுஸ் மாதிரி கேக்குதோ? கேக்கத்தான் செய்யும். இப்ப கோமுஸுக்கும் மீன் புடிக்கற நைலான்தானே கட்டறாங்க. ரெண்டும் ஒரே குரல்."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று தாரிகாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவனிடம் கோபப்பட்டு என்ன பயன்? காது அவளுடையது.

சிவப்பு கிட்டார் வீட்டுக்கு வந்தது. வாசித்து முடித்ததும் வயரைப் பிடுங்குவாள், கிட்டாரைப் பையில் போட்டு மூடுவாள், ஸ்பீக்கர் பெட்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பாள். விரல் நுனி தடித்து வெடித்தது, அதுகூட அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தந்தியை அழுத்தும் மூன்று பிடிகள் பழகி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவவும் வந்துவிட்டது. நாலரைக்கு உட்கார்ந்தால் ஐந்தரைக்குத்தான் எழுவாள். தன் வீட்டில் தானாக எழுந்த முதல் மாதம் அது என்று கென்ஜேயிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. குபாத் லாரியோடு பாலிக்சி போயிருந்தான். நாலரைக்கு அவள் கிட்டாரை மடியில் வைத்து வயரைக் கையில் எடுத்தபோது கரண்ட் போயிற்று. குளிர்பெட்டி அடங்கியது. ஸ்பீக்கர் பெட்டியின் சிவப்புப் புள்ளியும் அணைந்தது. வயரின் முனை இன்னும் அவள் விரலிடுக்கில்தான் இருந்தது.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு தரம் கேட்டது.

இரும்புத் தந்தியின் குரல் இல்லை. நைலான். அவள் மடியிலிருந்த ஆறு தந்தியும் அசையாமல் இருந்தன. இரண்டாம் தரம். மூன்றாம் தரம். கொஞ்சம் விட்டு மறுபடியும் மூன்று. தாரிகாவின் கால்கள் எழப் பார்த்தன. அவள் முக்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போதும் மாமா" என்றாள். பதிலுக்கு மூன்று தரம் சுண்டியது.

"வாயை மூடிக்குங்க. காலை ஊனுங்க. மூச்சு வாங்குங்க!" இருபத்தேழு வருடமாகச் சேர்த்து வைத்த மாற்றுச் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வீசினாள். ஒன்றும் செல்லுபடியாகவில்லை. சுண்டல்களுக்கு நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் சுண்டியிருப்பார், அவள் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது. அது நினைவுக்கு வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு சொல்தான் பாக்கி இருந்தது.

"தொக்தோசுன்!" என்று கத்தினாள். நிற்கட்டும்.

நின்றது.

வீடு முழுக்க அந்தச் சொல்லே நிறைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி விழும் சத்தம்கூடக் கேட்டுவிடும் போல் இருந்தது. தாரிகா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சொல்லின் மறுபாதி அவளுக்கு உறைத்தது. நிற்கச் சொன்னதாக அவள் நினைத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுமிருக்கிறாள்.

உள்ளறையிலிருந்து, "ஓ?" என்று ஒரு கிழக்குரல் கேட்டது. கூப்பிட்டவருக்கு எந்த வீட்டிலும் எந்த மனிதரும் சொல்லும் பதில்தான். பத்து வருடத்துக்கு மேலாக வராத குரல். அடுத்து கட்டில் கிரீச்சிட்டது. காலடி ஒன்று, நின்று, மற்றொன்று, இடது காலை இழுத்துக்கொண்டு, கதவுவரை வந்தது. அவள் கூப்பிட்டதற்கு அவர் ஒரு வாய் தேநீர் குடிக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

தாரிகா அழுதாள். பயந்தும் அழுதாள், வெட்கத்திலும் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறக்காமலே சொன்னாள்:

"அன்னிக்கு வரலே மாமா. கேட்டுச்சு, வரலே. டீ குடிச்சிட்டு இருந்தேன்." மூச்சை இழுத்துப் பிடித்தாள். "இப்ப வாசிக்கப் போறேன். உக்காந்து கேளுங்க. அஞ்சரை மணி வரைக்கும் கூப்பிடக் கூடாது."

கட்டில் மறுபடி கிரீச்சிட்டது. கரண்ட் இல்லை, பெட்டி இல்லை, கொசு முனகும் சத்தத்தில் அவள் தனக்குத் தெரிந்த மூன்று பிடிகளையும் திரும்பத் திரும்ப ஒரு மணி நேரம் வாசித்தாள். கைதான் தவறியது, நிறையவே தவறியது. யாரும் குறுக்கிடவில்லை. மறுநாள் உள்ளறையைக் கூட்டப் போனபோது மடித்து வைத்திருந்த ரஜாயின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. அதை அவள் தட்டிச் சரிசெய்யவில்லை.

அதற்குப் பிறகு எந்தத் தந்தியும் தானாகப் பேசியதில்லை. நாலரையிலிருந்து ஐந்தரைவரை அவள் நேரம் அவளுடையது. வசந்தத்தில் சாலை திறந்து வண்டிகள் கூடியபோது கென்ஜே ஒருநாள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"ஏன்க்கா, உங்க மாமனார் போயி ரெண்டு வருஷம் ஆகப் போவுது. வண்டி நிக்குதுன்னு ஒரு தரம் சொன்னாத்தான் என்ன? இன்னுமா அவருக்கு மரியாதை?"

தாரிகா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மரியாதை இல்லடி" என்றாள். "கூப்பிட்டா வந்துடறாரு."

பிறகு கையை எடுத்துவிட்டு, பிஷ்கெக் வண்டி பாலிக்சியில் இருபது நிமிடம் மூச்சு வாங்கும் என்று அறிவித்தாள்.