இந்தியாவிலிருந்து வந்தவளுக்கு யோகா தெரியாதா?

மலேசியாவின் மெர்லிமாவ் என்ற ஊருக்கு மருமகளாக வந்து இருபது வருஷமாகிறது. இன்றும் புதிதாக அறிமுகமாகிறவர்கள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "இந்தியாவா? அப்ப யோகா தெரியும் லா." கும்பகோணத்தில் நான் குனிந்து நிமிர்ந்ததெல்லாம் குழாயடியில். பள்ளியில் யோகா வகுப்பு என்றாலே வயிற்றுவலி என்று மரத்தடிக்குப் போய்விடுவேன். இதைச் சொன்னால் இங்குள்ள பெண்கள் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் என்னை மாட்டிவிட்டவர் எதிர்வீட்டு லெட்சுமி அக்கா. தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவியவர். அறுபத்தெட்டு வயதில் இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொள்ள, கணவரின் மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடியாமல் ஒரு வருஷமாக வீட்டோடு இருந்தார். "இவரு பாசாருக்குப் போனா வாடிப்போன கீரையா வாங்கிட்டு வர்றாரு தங்கச்சி. நானே போவணும். எனக்கு யோகா சொல்லிக் குடு," என்றார். எப்படி மறுப்பது?

ஒரு வாரம் கைப்பேசியில் காணொளி பார்த்துப் படித்தேன். பொது மண்டபத்தில் ஏழு பெண்கள் கூடினார்கள். ஆரம்பித்ததுமே பக்கத்துவீட்டு மலாய் அம்மா, "பூசிங், பூசிங்!" என்றார். கிளினிக்குக்குப் போய்வந்து நான் கற்ற மலாயில் பூசிங் என்றால் தலைசுற்றல். ஓடிப்போய் அவரைத் தாங்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவரோ, எனக்கு முதுகு காட்டி நின்ற முன்வரிசையைத் திரும்பச் சொல்லியிருக்கிறார். மலாயில் இரண்டுக்கும் ஒரே சொல்.

போன மானத்தை மீட்கத் தரையில் உட்கார்ந்து, நெற்றியால் முட்டியைத் தொடப் போனேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. முதலில் சிரித்தவர் லெட்சுமி அக்காதான். பிறகு அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: "ஒனக்குமா வலி?"

"அஞ்சு வருஷமா, அக்கா." இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

"பின்ன ஏன் தரையில உக்காந்து வித்தை காட்டுறே? நாற்காலி எடுங்க லா!"

அன்றிலிருந்து எங்கள் யோகா பிளாஸ்டிக் நாற்காலியில். டாக்டரிடமும் கேட்டுக்கொண்டோம். மூச்சை இழுத்துக் கையைத் தூக்குவோம், குதிகாலை உயர்த்துவோம், வலிக்கிற இடத்தில் நிறுத்துவோம். வலி போய்விடவில்லை. ஆனால் மூன்றாம் மாதம் ஒரு காலையில், லெட்சுமி அக்கா கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

"ஏறியாச்சா?"

"இருங்க, கால் இன்னும் வந்துக்கிட்டு இருக்கு!"

வந்து சேர்ந்தது. எனக்குக் கையசைத்துவிட்டு பாசாருக்குப் போனார். வாசலில் நின்று அழுதேன்.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து என் அக்கா கூப்பிட்டாள்.

"இடுப்பு எப்படிடி இருக்கு?"

"போலே லா."

"போலவா? யாரைப் போல?"

சிரித்துவிட்டேன். ஏதோ சமாளிக்கலாம் என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வோம். நம் ஊரில் அதற்கென்று ஒரு சொல் உண்டு; தினமும் சொன்ன சொல். 'தேவலை' அன்று நாக்குக்கு வரவேயில்லை. நான் தேடிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் அக்கா, "லைன்ல இருக்கியாடி? லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.