கோந்து அக்கா செய்த தங்கப்பூண்

என் மனைவியை எங்கள் நாடகக் குழுவில் எல்லோரும் ‘கோந்து அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாக மேடைப் பொருட்கள் செய்கிறாள். விரல் இடுக்கில் பசை காயாத நாளே கிடையாது. அட்டையில் அரியணை, பஞ்சில் மீன், மெழுகில் திராட்சை, எதைக் கேட்டாலும் செய்துவிடுவாள். நான் அதே குழுவில் விளக்குக்காரன். பெண்டாட்டி புராணம் பாடுகிறான் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

போன வருடம் முதலாளி பழைய பணக்காரக் குடும்பக் கதை ஒன்றை நாடகமாக்கினார். அதற்கென்று வெளியிலிருந்து ஒரு வடிவமைப்பாளரைக் கூட்டிவந்தார். பொருளறை இனி அந்தத் தம்பியின் பொறுப்பு, அக்கா உடைகளுக்கு இஸ்திரி போடட்டும் என்று முதல் நாளே அறிவித்தும் விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு ஏணியிலிருந்து இறங்கியிருந்தால் கைகலப்பாகியிருக்கும். அவள்தான் கண்ணாலேயே அடக்கினாள். அன்று வீட்டில் அழுதாள்.

கதையில் வரும் பெரிய மனிதருக்குப் பிடியில் தங்கப்பூண் போட்ட கைத்தடி வேண்டும். வடிவமைப்பாளர் பிளாஸ்டிக்கில் ஒன்று செய்தார். தங்கப் பெயின்ட், சுற்றிலும் சிவப்புக் கற்கள். நடிகர் அதை வாங்கியதும் விரலில் வைத்துச் சுழற்ற ஆரம்பித்தார்.

“ஏய்யா, பணக்காரன் வர்ற மாதிரியா இருக்கு? வித்தை காட்டறவன் வர்ற மாதிரி இருக்கு!” என்று முதலாளி கத்தினார்.

இன்னும் பத்துக் கல் பதித்தார்கள். இன்னும் மோசமானது. அரங்கேற்றத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அப்போதுதான் இவள் முதலாளி முன்னால் போய் நின்றாள். “ஐயா, ஒரு நாள் குடுங்க, நான் செஞ்சு தர்றேன். சரியா வரலைன்னா வாயைத் திறக்காம இஸ்திரிப் பெட்டியைத் தூக்கறேன். வந்தா பொருளறைச் சாவி என்கிட்ட இருக்கணும்.”

“சரிம்மா, பார்ப்போம்” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்தவள் நாலைந்து பழைய நாவல்களைப் பரப்பிவைத்துப் புரட்டினாள். “இதைப் பாருங்க. ஆளோட மூஞ்சியை எழுதறதுக்கு முன்னாடியே தடியோட பூணை எழுதிடறாங்க. கால் வலிக்குதுன்னு ஒருத்தராவது ஊனறாங்களா? எல்லாம் ஊருக்குக் காட்டத்தான்.”

“சரி, அதுல என்னத்தைக் கண்டுபிடிச்சே?”

“கனம்ங்க! தங்கம்னா கனக்கணும். கனத்தா எவன் சுத்துவான்?”

சொன்ன கையோடு எங்கள் ஜன்னல் திரைக்கம்பியின் பித்தளைக் குமிழைக் கழற்றினாள். அதற்குள் தூண்டில் ஈயக் குண்டுகளைப் போட்டுப் பசையால் இறுக்கினாள். ஆணி முனையால் கொடிகள் கீறி, பொன் மெருகு ஏற்றினாள். பிறகு உள்ளங்கை படும் இடத்தை மட்டும் துணியால் தேய் தேயென்று தேய்த்து மெருகைக் குறைத்து, ஒரு மரத்தடியின் தலையில் பூணாகப் பொருத்தினாள்.

மறுநாள் வடிவமைப்பாளர் பதறினார். “என்னக்கா, புதுசைப் பழசாக்கிட்டீங்களே?”

“மூணு தலைமுறை கை பட்ட தங்கம், தம்பி. புத்தம்புதுசா மின்னினா நேத்துப் பணம் வந்தவனாத் தெரிவான்.”

“என்னக்கா இது, இந்தக் கனம் கனக்குது!” என்றார் நடிகர்.

“நடந்துதான் பாருங்களேன்.”

பிற்பகலில் முழு ஒத்திகை. முதல் வரிசையில் முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசல் மீது விளக்கைத் திருப்பினேன். டொக்கென்று தரையில் ஒரு சத்தம். வெளிச்சத்தில் முதலில் பூண் வந்தது, அப்புறம்தான் ஆள் வந்தார். கனம் அவர் நடையை நிதானமாக்கியிருந்தது. தோள் தானாக நிமிர்ந்திருந்தது. நடுமேடையில் நின்று இரண்டு கையையும் பூண்மேல் வைத்தார். அவ்வளவுதான். மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள்.

கீழே முதலாளியும் எழுந்துவிட்டார்! சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. “அடடா, நானே எழுந்துட்டேனே!” என்று சிரித்தவர், பையிலிருந்து சாவியை எடுத்தார். ஓரத்தில் நின்றிருந்த இவளிடம் தானே நடந்துவந்து கையில் கொடுத்தார். நான் ஏணி உச்சியில் விசிலடித்தேன். சந்தோஷத்தில் விழாதது அதிசயம்.

சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அவள் சொன்னாள்: “உக்காருங்கய்யா. இன்னும் ரெண்டாவது காட்சி இருக்கு.”

அவர் போய் உட்கார்ந்தார்.