கிழங்கோடு கோத்த செங்காந்தள்

பெரம்பலூர் பக்கத்து நரிக்குறவர் காலனியில் இருக்கும் ஜெயசித்ரா, பாசிமணியில் மூலிகைச் செடிகளைக் கோப்பவள். பச்சை மணியில் தூதுவளை இலை, ஊதா மணியில் அதன் பூ, மஞ்சள் மணியில் ஆவாரங்கொத்து. அரியலூர் ரயிலடியில் அவற்றைத் தொங்கவிட்டு, பக்கத்திலேயே நிஜ மூலிகையும் விற்றாள்.

போன கோடையில் அவள் ரயிலடியில் இருந்த ஒரு நாள், கணவன் கண்ணையன் வரப்போரம் கிடந்த கிழங்குகளைப் பொறுக்கி வந்து அவித்தான். உழவில் பெயர்ந்து வந்த கண்வலிக்கிழங்கு அது. செங்காந்தளின் கிழங்கு, கொடிய விஷம். கொடியோடு பார்த்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்ட மகள் கவியா பிழைத்தாள். இரண்டு வாரத்தில் அந்த விஷத்தால் அவள் தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது.

"மருந்து விக்கிறவ வூட்லயே விஷம் தெரியலியா?" என்று ரயிலடியில் ஒருத்தி கேட்டாள். மறுநாளிலிருந்து ஜெயசித்ரா மூலிகைப் பையை எடுத்துப்போகவில்லை.

தை மாதம், டவுனில் கைவினைக் கடை வைத்திருக்கும் வெற்றிச்செல்வி காலனிக்கு வந்தார். "ஒரு விழாவுக்குப் பாசிமணியில நாப்பது செங்காந்தள் வேணும். நம்ம மாநிலப் பூ இல்லீங்களா?"

"அது மட்டும் வேணாங்கம்மா."

தலையில் துண்டு கட்டியிருந்த கவியா குறுக்கிட்டாள். "செய்யும்மா. ஆனா கிழங்கோட செய்யி. பூவ எல்லாருக்கும் தெரியும், கிழங்கத்தான் தெரியல."

கிழங்கின் நிறத்துக்கு மணி கிடைக்கவில்லை. கண்ணையனின் பழைய பழுப்புப் பாசிமாலையை அறுத்து ஜெயசித்ரா கோத்தாள்.

மாதிரியைப் பார்த்த வெற்றிச்செல்விக்குப் பூ பிடித்திருந்தது. "கீழ இருக்கறத மட்டும் எடுத்துடுங்க. பாக்க ஒரு மாதிரியா இருக்கு."

"அதத் தின்னுதாங்க எம் புருஷன் செத்தாரு. எடுக்க மாட்டேன்."

வெற்றிச்செல்வி மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்டர் வேறு ஆளுக்குப் போயிற்று.

எல்லாரும் கிழங்கைப் பார்க்கட்டும் என்று ஜெயசித்ரா அந்த மாதிரியைக் காலனித் தண்ணீர்த் தொட்டியருகே கம்பத்தில் கட்டினாள். சாவு வீட்டுப் பொருள் என்று பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டே தண்ணீர் பிடித்தார்கள். சித்திரையில் ஒரு மத்தியானம், நாலு வீடு தள்ளியிருக்கும் வீரம்மாள் ஜெயசித்ரா வீட்டுக்கு வந்து முந்தானையைப் பிரித்தாள். உள்ளே இரண்டு கிழங்கு.

"கம்பத்துல கட்டியிருக்கியே, அது இதானாக்கா?"

ஜெயசித்ரா ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "இதேதான். எதுக்குடி எடுத்த?"

"நேத்துலேர்ந்து வூட்ல அடுப்பு எரியலக்கா."

ஜெயசித்ரா கிழங்குகளை வாங்கி அடுப்புத் தீயில் போட்டு எரித்தாள். பானையில் இருந்த சோற்றில் பாதியை வழித்துக் கொடுத்தாள்.