ஜெபா அக்கா அழுத்திப் பார்த்த நகம்

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்குப் போகும் பேருந்திலிருந்துதான் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். வெள்ளைச் சீருடையில் ஜெபா அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாண வாழ்த்தாக இருக்கும் என்று நினைத்தேன். பேருந்து நின்றபோதுதான் கீழே இருந்த தோற்றம், மறைவு தேதிகளைப் படித்தேன். நான்கு நாள் காய்ச்சல் என்று அம்மா விசாரித்துச் சொன்னார். வயது இருபத்து மூன்று.

எலும்பு முறிவு வார்டில் அவருடன் நர்ஸாகப் பணிபுரிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்; என்னை நினைவிருக்காது. சென்ற ஆண்டு சைக்கிளிலிருந்து விழுந்து, இடது கால் எலும்பு முறிந்து, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த எட்டாம் வகுப்பு மாணவி நான். அக்கா வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு வாரம்தான். பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பார். எதைச் செய்தாலும் முதலில் அதைப் பார்ப்பார்.

"என்னக்கா, பரீட்சையா?" என்று கேட்டேன்.

"தெனமும் பரீட்சதாம்ட்டி. உனக்காவது ஞாயித்துக்கிழம லீவு" என்றார்.

மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்விரல் நகத்தை அடிக்கடி அழுத்தி விடுவார். நகம் வெளுத்து, உடனே சிவக்கும். ஏன் என்று கேட்டேன். "கட்டு இறுக்குனா ரத்தம் போவாது. உள்ள என்ன நடக்குன்னு நகந்தான் சொல்லும்" என்றார். அதன் பிறகு நான் என் கைவிரல்களை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள், பெருநாளுக்கு முந்தின நாள். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு முறிந்து கிடந்த மேலப்பாளையத்து மாமிக்கு மருதாணி வைக்க அவர் மகள் வந்திருந்தாள். "பெருநாளும் அதுவுமா பிள்ள வெறும் விரலோட கெடக்கா, அவளுக்கும் வச்சு விடுளா" என்றார் மாமி. மகள் என் கால்விரல்களையும் விடவில்லை.

மதியம் பணிக்கு வந்த அக்கா நகத்தை அழுத்தினார். செக்கச்சிவப்பு மாறவே இல்லை. மறுபடி அழுத்தினார்.

"ஐயோ மாமி, நகத்தயெல்லாம் மூடிட்டீங்களே!"

"நல்லாப் பிடிச்சிருக்குல்லா?" என்றார் மாமி பெருமையாக.

அக்கா சிரிக்கவில்லை. "வலிக்குதாட்டி?" என்றார். இல்லை என்றேன். பொய். கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சியில் நான் பேச வேண்டும்.

"பிறகு ஏன் நான் வந்ததுலருந்து புத்தகத்துல ஒரே பக்கத்தயே பாக்குத?" என்று கேட்டபடி என் கால் பெருவிரலை மெல்ல மேலே வளைத்தார். கத்திவிட்டேன்.

"புதுக் கட்டுன்னா வலிக்கத்தாம்மா செய்யும். எல்லாத்துக்கும் கூப்புட்டா டாக்டர் ஏசுவாரு" என்றார் உங்களில் மூத்த ஒருவர். ஆனாலும் அக்கா தொலைபேசியை எடுத்தார். "சார், எனக்குத் தெரியல. நகத்த வச்சுச் சொல்ல முடியல. நீங்க வந்து பாத்திருங்க."

மருத்துவர் வந்து பார்த்த உடனே கட்டை நீளவாக்கில் வெட்டி விரித்தார். இன்னும் தாமதித்திருந்தால் காலே போயிருக்கும் என்றார். அம்மா அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா என் பக்கம் திரும்பி, "இனிமே பொய் சொன்னா ரெண்டு காலுக்கும் கட்டு" என்றார்.

வகுப்பில் எல்லாம் தெரிந்தவள் என்று எனக்குப் பெயர். புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து புத்தகத்தில் தேடுவேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, தொலைபேசியில் அவர் சொன்ன முதல் வாக்கியம். நேற்று கணக்கு வகுப்பில் எழுந்து அதைச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் விளக்கி முடிக்கும்வரை இரண்டு கால்களையும் ஊன்றி நின்றேன்.