முடிவு பார்க்காத படங்கள்

தேயிலை மலைச் சிற்றூரான ரிங்லெட்டில் நாங்கள் படம் பார்த்த பழைய தியேட்டர் இப்போது முட்டைக்கோஸ் கிடங்கு. இன்று அதன் வாசலில் ஒரு லோரி ஹார்ன் அடித்ததும், அறுபது வயதிலும் என் கால்கள் ஓடத் துடித்தன.

அப்போதெல்லாம் ஞாயிறு பூசை முடிந்ததும் எஸ்டேட்டின் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி எங்களை இங்கே இறக்கிவிடும். தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் கேட்காது. இருந்தும் யாரும் அசைய மாட்டோம். ஆனால் மூடுபனி இறங்குவதற்குள் மலையேற வேண்டுமே! படம் முடியுமுன்பே டிரைவர் ஹார்ன் அடித்துவிடுவார். கதாநாயகி விஷக் கிண்ணத்தைக் கையில் எடுத்த நேரத்தில்கூட எஸ்டேட் லயத்து வீடுகளின் ஜனம் மொத்தமும் எழுந்து ஓடியிருக்கிறது.

பச்சைக் கொழுந்து வாசம் அடிக்கும் லோரியில், அம்மாவின் மடியில் உட்கார்ந்து கேட்டேன்: "அந்தக்கா செத்துப் போச்சாம்மா?"

"சேச்சே! டாக்டர் வந்து ஊசி போட்டுட்டாருலா. எந்திரிச்சி சோறு தின்னுச்சு."

அம்மா முடித்துவைத்த எந்தப் படத்திலும் ஒருவரும் சாகவில்லை.

போன வாரம் அதே படம் டிவியில் வந்தது. அந்தப் பெண் கிண்ணத்தை எடுத்ததும், படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"டிவிய அடச்சிரு. பனி எறங்குதுலா, போலாம்."

டிவியை அணைத்தேன். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.